வயல் மண்ணிலிருந்து ஓயாவுக்கு: காட்மியம், செம்பு, ஈயம் எந்த வழியாக இறங்குகின்றன?

கீரைப்பாத்தி

வணக்கம். ஹங்வெல்லைக்கும் கடுவெலைக்கும் இடையில் களனி கங்கையில் விழும் சிறு ஓயா (சிற்றாறு) ஒன்றை மனத்தில் வைத்துக் கேட்கிறேன். மேட்டில் சிறு தேயிலைக் காணிகளும் இறப்பரும். அதற்குக் கீழே மரக்கறிப் பாத்திகள். பள்ளத்தில் வயல். ஓயா கங்கையைத் தொடும் இடத்தில் கங்குன் கீரை வளரும் சதுப்பு. நடுவே ஒரு பிரதான வீதியும் இரண்டு மூன்று வாகனத் திருத்தகங்களும் உண்டு.

மழையில்லாத நாளொன்றில் எடுத்த ஓயா நீருக்குக் காட்மியம், ஈயம் இரண்டும் "கண்டறியப்படவில்லை" என்று அறிக்கை வந்திருக்கிறது. அதை நம்பிக் கோப்பை மூடிவிடலாமா? இல்லையென்றால் மாதிரியை எப்போது, எப்படி எடுப்பது? காணியிலிருந்து வந்ததையும் வீதியிலிருந்து வந்ததையும் பிரித்தறிய வழி உண்டா? கமக்காரரிடம் என்ன செய்யச் சொல்லலாம்? கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை இந்த ஓயாவுக்குக் கீழே இருப்பதால் இது சின்னக் கேள்வியல்ல.

அடையல்

கோப்பை மூடாதீர்கள். "கண்டறியப்படவில்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை? சாதாரண சுவாலை அணு உறிஞ்சல் கருவி காட்மியத்தை லீட்டருக்கு 1 அல்லது 2 மைக்ரோகிராம் மட்டத்தில்தான் தட்டுத்தடுமாறிப் பார்க்கும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவே 3 மைக்ரோகிராம். விவசாயப் பகுதி ஓயாவின் கரைந்த காட்மியம் பெரும்பாலும் 1 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் நிற்கும். ஆக அந்தக் கருவிக்கு ஓயா எப்போதும் "சுத்தம்". கிராபைட் உலைக் கருவியோ ஐசிபி-எம்எஸ்ஸோ (இரண்டும் மிக நுண்ணிய அளவையும் காணும் கருவிகள்) இல்லாமல் காட்மியத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். மாதிரி கொடுப்பதற்கு முன்னரே அளவறி எல்லையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காட்மியத்துக்கு 0.05 மைக்ரோகிராம், ஈயத்துக்கு 0.2 மைக்ரோகிராம் என்றால் வேலை செய்யலாம்.

இரண்டாவது பிழை அதைவிடப் பெரியது: மழையில்லாத நாள். ஈயத்திலும் செம்பிலும் பெரும்பங்கு மண்துகளில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கிறது. மண்துகள் ஓயாவுக்கு வருவது வருடத்தில் சில பத்து மழைகளில், ஒவ்வொரு மழையிலும் சில மணித்தியாலங்கள் மட்டும். தெளிந்த நீரில் மாதத்துக்கு ஒரு போத்தல் வீதம் 12 மாதம் எடுத்தாலும், ஆண்டுச் சுமையின் பெரும்பகுதி போத்தலுக்கு வெளியேதான் போயிருக்கும்.

மண்கரண்டி

ஓயாவுக்குப் போகுமுன் காணிக்குள் எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போடுவோம். இந்தக் கணக்குப் போடாமல் டிஎஸ்பி என்ற பொசுபேற்று உரத்தை மட்டும் திட்டிக்கொண்டிருப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 யூலையிலிருந்து பொசுபேற்று உரத்துக்கு வைத்திருக்கும் எல்லை, ஒரு கிலோ P2O5-க்கு, அதாவது பொசுபரசு ஐந்தொட்சைட்டுக்கு, 60 மில்லிகிராம் காட்மியம். டிஎஸ்பியில் அந்த ஒட்சைட்டு 46 வீதம். எல்லையைத் தொட்டு நிற்கும் ஒரு டிஎஸ்பி கிலோவுக்கு ஏறத்தாழ 28 மில்லிகிராம் காட்மியம் கொண்டிருக்கும். எக்டேயருக்கு 200 கிலோ போட்டால் 5.6 கிராம். மேல் 15 சென்ரிமீற்றர் மண்ணின் எடை எக்டேயருக்கு ஏறத்தாழ 1,950 தொன், அடர்த்தி 1.3 என்று வைத்தால். அப்படியென்றால் வருடத்துக்கு மண்ணில் 0.003 மில்லிகிராம்/கிலோ கூடும். ஒரு வருடத்தில் ஒன்றும் தெரியாது. வருடத்துக்கு மூன்று போகம் மரக்கறி வைத்து, போகத்துக்கு 400 கிலோ அள்ளிப் போடும் பாத்தியில் 30 வருடத்தில் அரை மில்லிகிராமைத் தாண்டும். அது ஆய்வுகூடத்தில் தெளிவாகத் தெரியும் மாற்றம்.

எல்லா டிஎஸ்பியும் ஒன்றல்ல. கடற்படிவப் பாறையிலிருந்து செய்ததில் காட்மியம் அதிகம். எப்பாவலைப் பொசுபேற்று எரிமலைக் குழம்பிலிருந்து உறைந்த வகைப் பாறை, காட்மியம் மிகக் குறைவு. ஆனால் அது மெல்லக் கரையும். புளிப்பு மண்ணில் நிற்கும் தேயிலை, இறப்பர், தென்னைக்குச் சரி, 60 நாள் மரக்கறிக்குக் காணாது.

கோழி எருவை மறக்காதீர்கள். தீனியில் சேர்க்கும் நாகமும் (துத்தநாகம்) செம்பும் அப்படியே எச்சத்தில் வெளியே வருகின்றன. உலர் எருவில் நாகம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், எக்டேயருக்கு 10 தொன்னில் 4 கிலோ நாகம் காணிக்குள் வந்துவிடுகிறது. நகரக் குப்பைக் கூட்டெருவில் ஈயம் 100 மில்லிகிராம் இருந்தால் அதே 10 தொன்னில் 1 கிலோ ஈயம். இயற்கை எரு என்பதற்காக உலோகம் இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. மூடை மூடையாக வாங்குமுன் ஒரு மாதிரி கொடுத்துப் பார்ப்பது மலிவு.

மலைச்சாரல்

தேயிலை பக்கத்தைக் கொஞ்சம் சொல்றேன். கொப்புள நோய் இங்க வந்தது 1946ல. அப்ப இருந்து செம்புப் பூஞ்சணக்கொல்லி மலைநாட்டு மண்ணுல இறங்கிக்கிட்டேதான் இருக்கு. 50 வீத செம்பு ஒட்சிக்குளோரைட்டு 2 கிலோ தெளிச்சா 1 கிலோ செம்பு. போடோக் கலவைன்னா நூறு லீட்டருக்கு 1 கிலோ துரிசு (செம்புச் சல்பேற்று), அதுல கால் கிலோ செம்பு. செம்பு உக்கலோட கெட்டியா ஒட்டிக்கும், கீழ கசியாது. அதனால மேல் 5 சென்ரிமீற்றர்லயே குமியும். சறுக்கல்ல முதல்ல கழுவிக்கிட்டுப் போறதும் அந்த 5 சென்ரிமீற்றர்தான். கவ்வாத்து வெட்டின வருசம் மண்ணு திறந்து கிடக்கும், அப்ப ரெண்டு மழை போதும்.

ஆனா கீரைப்பாத்தி கேட்டது களனிக் கீழ்ப்பகுதி. மாஸ்கெலியா ஓயா, கெஹெல்கமு ஓயா மண்ணுல பெரும்பங்கு மவுசாக்கலையிலயும் காசல்ரீயிலயும் படிஞ்சு போயிடும். அணைக்குக் கீழ கித்துல்கல, யட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல, சீதாவாக்கைப் பக்கத்துச் சிறு காணிகள்தான் நேரா கங்கைக்குப் போறது. "மலைத்தோட்டத்துல இருந்து வருது"ன்னு ஒரே வார்த்தையில மேல தள்ளிவிடாதீங்க.

நீர்மட்டம்

அடையல் சேர் சொன்னதில் ஈயத்துக்கும் செம்புக்கும் உடன்பாடு. காட்மியத்துக்கும் நாகத்துக்கும் அதே கதையைச் சொல்ல முடியாது. ஈரவலயத்துச் செம்மஞ்சள் பொட்சொலிக் மண்ணின் பீஎச் 4.5 தொடக்கம் 5.5. அந்தப் புளிப்பில் காட்மியம் மண்ணில் இறுகிப் பிடிப்பதில்லை. மழை வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல். அதில் 1,000 மில்லிமீற்றர் கீழே பொசிந்தால் எக்டேயருக்கு 10,000 கனமீற்றர் நீர். பொசியும் நீரில் லீட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் காட்மியம் இருந்தாலே 5 கிராம் போய்விடும். அது மண்கரண்டி சொன்ன டிஎஸ்பி வரவுக்கே சமம்.

அடையல்

சரியான கணக்கு. அதே காணியின் மண்ணரிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எக்டேயருக்கு 10 தொன் மண் போகிறது, மண்ணில் காட்மியம் 0.5 மில்லிகிராம்/கிலோ. அது 5 கிராம். அடித்துப் போவது மண்ணின் நுண்பகுதி என்பதால் அதில் உலோகம் தாய்மண்ணைவிட ஏறத்தாழ இரு மடங்கு செறிந்திருக்கும், ஆக 10 கிராம். சறுக்கலில் மண்ணரிப்பு முன்னே நிற்கிறது. தட்டை நிலத்தில் அரிப்பு 1 தொன்னாகக் குறைந்தால் பொசிவு முந்திவிடும். நீங்களும் சரி, நானும் சரி, சரிவுதான் வேறு.

செம்புக்கு ஐயமே இல்லை. மண்ணில் 100 மில்லிகிராம் என்றால் 10 தொன்னோடு 1 கிலோ போகும்.

வயல்வரம்பு

வயலை விட்டிட்டுக் கதைக்கிறியள். வயல் ஒரு தனி உலகம்.

நீர் கட்டி ரெண்டு கிழமைக்குள்ள மண்ணில ஒட்சிசன் தீரும். பிறகு இரும்பு ஒட்சைட்டு கரையத் தொடங்கும். ஈரவலயத்து வயலில செம்மஞ்சள் படலம் மிதக்கிறதைப் பார்த்திருப்பியள். வரம்போரத்தில, ஊற்று வெளிக்கிடுற இடத்தில, எண்ணெய் ஊத்தினது போலப் பளபளக்கும். குச்சியால தட்டினால் எண்ணெய் திரும்ப ஒன்றாச் சேரும். இது கண்ணாடித் துண்டு மாதிரி உடைஞ்சு தனித்தனியா நிக்கும். அது இரும்பு. அந்த இரும்பு ஒட்சைட்டில ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் அதோட சேர்ந்து நீருக்குள்ள வரும்.

காட்மியம் நேரெதிர். நீர் நின்றால் அது சல்பைட்டாகி வீழ்படியும், அசையாது. அறுவடைக்கு முன் வயலை வடிச்சுக் காயவிடுற நேரம் சல்பைட்டு ஒட்சியேறும், பீஎச் இறங்கும், காட்மியம் திரும்பக் கரையும். அதுக்குப் பிறகு வாற முதல் மழையின் வடிநீர்தான் ஆபத்தான நீர். நெல் மணிக்குள்ளயும் அந்தக் கட்டத்திலதான் ஏறும்.

அதால வயல் வடிகாலில மாதிரி எடுக்கிற ஆட்கள் ரெண்டு நேரத்தைக் குறிச்சு வையுங்கோ. ஒன்று, உழுது சேறாக்கி மட்டம் பார்த்த உடன வெட்டிவிடுற கலங்கல் தண்ணி. சேறு மிதக்கேக்க கடவையைத் திறந்தால் வயலின்ர மிக நுண்ணிய களி முழுக்க ஓயாவுக்குப் போகும். ரெண்டு, அறுவடைக்கு முந்தின வடிப்புக்குப் பிறகு வாற முதல் மழை. முதலாவதைத் தடுக்கிறது சுகம்: சேறாக்கின பிறகு ரெண்டு மூண்டு நாள் கடவையை அடைச்சு வையுங்கோ. கமநல சேவை நிலையத்துக் கூட்டத்தில கன்னக் கூட்டத் (போகத் தொடக்கக் கூட்டம்) தீர்மானமாப் போட்டால் எல்லா வயலும் ஒரே நேரம் கேட்கும்.

கீரைப்பாத்தி

மிக்க நன்றி. மாதிரி எடுக்கும் முறையைப் படிப்படியாக யாராவது சொல்ல முடியுமா? போத்தல் தொடங்கி.

நைத்திரிக்துளி

ஆய்வுகூட மேசைப் பக்கமிருந்து எழுதுகிறேன். உலோகப் பகுப்பாய்வில் பிழைகளில் பெரும்பங்கு மாதிரி கருவிக்குள் போவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடும்.

போத்தல்: உயரடர்த்தி பொலித்தீன், வெள்ளை அல்லது நிறமற்ற மூடி. நிற மூடியில் காட்மியம், நாகச் சாயம் இருக்கலாம். 10 வீத நைத்திரிக்கமிலத்தில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, அயனகற்றிய நீரால் மூன்று தரம் அலசி, மூடிப் பையில் கட்டுங்கள். கையுறை தூளில்லாத நைத்திரைல். தூள் பூசிய இறப்பர் கையுறை நாகத்தைக் கொட்டும்.

ஓயாவுக்குள் கீழிருந்து மேல்நோக்கி நடந்து போங்கள். நீரோட்டத்தைப் பார்த்து நின்று, போத்தல் வாயை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, மேற்பரப்புக்கு 20 சென்ரிமீற்றர் கீழே நிரப்புங்கள். காலால் கிளறிய சேறு போத்தலுக்குள் வந்தால் அந்த மாதிரியை வீசிவிடுங்கள். தகர வாளி, பித்தளைக் குழாய், நாகம் பூசிய கம்பி எதையும் கிட்டக் கொண்டுவர வேண்டாம்.

ஒவ்வோர் இடத்திலும் இரண்டு போத்தல். ஒன்று வடிக்காமல், மொத்த உலோகத்துக்கு. மற்றது அந்த இடத்திலேயே 0.45 மைக்ரோன் ஊசிவடிகட்டியால் வடித்து, கரைந்த உலோகத்துக்கு. முதல் 10 மில்லிலீற்றரை ஊற்றிவிடுங்கள். கலங்கல் நீரில் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். அடைபட்ட வடிகட்டியின் துளை சுருங்கி எண்ணைக் குறைத்துக் காட்டும். கை அழுத்தம் கூடுகிறது என்று தெரிந்ததும் புதியதை மாட்டுங்கள்.

வடித்த பிறகே அமிலம். லீட்டருக்கு 2 மில்லிலீற்றர் செறிந்த நைத்திரிக்கமிலம், உலோகப் பகுப்பாய்வுத் தரத்தில். 125 மில்லிலீற்றர் போத்தலுக்கு 5 துளி. பீஎச் 2-க்குக் கீழே வர வேண்டும். அமிலத்தை முன்னரே விட்டுவிட்டு ஆய்வுகூடத்தில் வந்து வடிப்பது அடிக்கடி காணும் பிழை. துகளில் இருந்த உலோகம் எல்லாம் கரைந்து, "கரைந்த உலோகம்" பல மடங்கு கூடித் தெரியும். ஐதரோகுளோரிக்கமிலம் வேண்டாம். குளோரின் ஆகனோடு சேர்ந்து ஐசிபி-எம்எஸ்ஸில் ஆர்சனிக்கின் அதே திணிவில், 75-இல், வந்து நிற்கும்.

பத்து மாதிரிக்கு ஒன்று இரட்டை. ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கள வெற்று: அயனகற்றிய நீரை ஓயாக்கரையில் அதே ஊசியால் வடித்து, அதே அமிலம் விட்டது. வெற்றில் நாகம் வந்தால் அன்றைய நாக எண்கள் எதையும் அறிக்கையில் எழுத வேண்டாம். பாதரசம் பார்க்கத் தேவையென்றால் தனிப் போத்தல், தனி முறை, 28 நாளுக்குள் பகுப்பாய்வு.

அடையல்

மழையில் யாரும் நள்ளிரவில் ஓயாக்கரையில் நிற்க முடியாது. அதற்கு ஏறுமட்டப் போத்தல் செய்து கட்டுங்கள். செலவு மிகக் குறைவு.

1 லீட்டர் போத்தல், இறுக்கமான இறப்பர் அடைப்பான், அதில் இரண்டு துளை. ஒரு துளையில் 6 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பிளாஸ்ரிக் குழாய், வெளியே வந்து தலைகீழ் U வடிவில் வளைந்து நீரைப் பார்க்க வேண்டும். இது உள்வரும் குழாய். மற்றதில் காற்றுப்போகும் குழாய், நேராக மேலே, வெள்ளத்தின் உச்ச மட்டத்துக்கும் மேலே முடிய வேண்டும். நீர் ஏறி வளைவின் உச்சியைத் தாண்டியதும் போத்தல் தானாக நிரம்பும். நிரம்பியதும் நின்றுவிடும். வேகமான நீரோட்டம் தாங்கும் கமுகு மரக் கட்டையில் அல்லது பீவீசிக் குழாயில், சாதாரண நீர்மட்டத்துக்கு மேலே 15, 35, 60 சென்ரிமீற்றரில் மூன்று போத்தல். காலையில் போய் எடுத்தால் நீர் ஏறும்போது மூன்று கட்டத்தில் எப்படி இருந்தது என்று கையில் இருக்கும்.

தவறும் இடங்கள்: காற்றுக்குழாய் குட்டையாகி நீரில் மூழ்கினால் போத்தலுக்குள் நீர் சுற்றிவந்து சேறு மட்டும் தங்கும், எண் பொய்யாகப் பெருக்கும். இறப்பர் இலை வாயில் அடைக்கும், ஆகவே நைலோன் வலை கட்டுங்கள். போத்தலுக்கு வெயில் படாமல் பீவீசி உறை போடுங்கள். இரவு முழுக்க நின்ற நீரில் கரைந்த பகுதி மாறிப்போயிருக்கும் என்பதால் இதிலிருந்து மொத்த உலோகமும் மொத்தத் தொங்கல் மண்ணும் மட்டும் பாருங்கள். கரைந்ததற்குக் கையால்தான் எடுக்க வேண்டும்.

நீர் ஏறும் கட்டத்தை வலியுறுத்துவது ஏனென்றால், சிறு ஓயாவில் மண் முதலில் வரும், நீர் பிறகு உச்சம் தொடும். ஒரே நீர்மட்டத்தில் ஏறும்போது ஓர் எண், இறங்கும்போது அதில் பாதி. வெள்ளம் வடியும்போது போய் எடுத்தவர் சுமையைத் தவறவிட்டவர்.

ஓட்ட அளவுக்கு 10 மீற்றர் நேரான பகுதி, ஒரு தோடம்பழம், ஒரு கடிகாரம். தோடம்பழம் முக்கால்வாசி மூழ்கி மிதப்பதால் காற்று தள்ளாது. மூன்று தரம் விட்டுச் சராசரி எடுத்து 0.85-ஆல் பெருக்குங்கள். கல் நிறைந்த ஆழமற்ற இடமென்றால் 0.7. குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால் ஓட்டம். 0.5 மைக்ரோகிராம்/லீட்டர், ஓட்டம் விநாடிக்கு 0.2 கனமீற்றர் என்றால், விநாடிக்கு 0.1 மில்லிகிராம், நாளுக்கு 8.6 கிராம். செறிவை மட்டும் எழுதி ஓட்டத்தை எழுதாத அறிக்கையை வைத்து இரண்டு ஓயாக்களை ஒப்பிட முடியாது.

மண்கரண்டி

ஓயாப் படிவைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் சில சொற்கள். ஓயாப் படிவை 63 மைக்ரோன் நைலோன் அரிதட்டில் ஈரமாக அரியுங்கள். பித்தளை அரிதட்டில் அரித்தால் செம்பும் நாகமும் அரிதட்டிலிருந்தே வரும். மண்ணகழ்வுக்கு மரம் அல்லது பிளாஸ்ரிக். அரிக்காமல் ஒப்பிட்டால் மணல் கூடிய இடம் சுத்தம் போலவும் களி கூடிய இடம் அழுக்குப் போலவும் தெரியும். அலுமினியத்தால் வகுத்துப் பார்ப்பதும் உதவும்.

காணி மண்ணுக்குக் கோணல்மாணலாக நடந்து 15 தொடக்கம் 20 துளை, 0–15 சென்ரிமீற்றர், கலந்து நான்காகப் பிரித்து அரைக் கிலோ. மண்ணரிப்பைப் பற்றிக் கேட்பவர் 0–2 சென்ரிமீற்றரைத் தனியாக எடுக்க வேண்டும். இராசத் திராவகத்தால் கிடைப்பது ஏறத்தாழ மொத்தம். ஓயாவுக்கு இறங்கக்கூடியதைத் தெரிந்துகொள்ள 0.01 மோலர் கல்சியம் குளோரைட்டுக் கரைசல் போதும். டிடிபிஏ கரைசல் சுண்ணாம்பு மண்ணுக்காக உருவானது. நம் புளிப்பு மண்ணில் அதை வைத்து முடிவெடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

கீரைப்பாத்தி

வீதியின் பங்கு?

நைத்திரிக்துளி

கூடவே வரும் உலோகங்களைப் பாருங்கள், தனி எண்ணைப் பார்க்காதீர்கள். வாகனத் தடுப்பு உராய்வில் செம்போடு அந்திமனி வரும். டயர்த் தேய்மானத்திலும் நாகத் தகட்டுக் கூரையிலும் நாகம் தனியாக ஏறும். செம்பு உயர்ந்து அந்திமனி உயராமல், கூடவே பொசுபரசு உயர்ந்தால் எருவையும் பூஞ்சணக்கொல்லியையும் சந்தேகியுங்கள். காட்மியம், பொசுபரசு, யுரேனியம் மூன்றும் ஒன்றாக உயர்ந்தால் அது கடற்படிவப் பொசுபேற்றின் கைரேகை. ஐசிபி-எம்எஸ் ஓடும்போதே யுரேனியத்தையும் அந்திமனியையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஈயத்தில் அவசரப்படாதீர்கள். ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002-இல் நின்றது. அதற்கு முந்தின பல பத்தாண்டு ஈயம் வீதியோர மண்ணில் இன்றும் இருக்கிறது, அந்த மண்ணில்தான் கீரையும் நடப்படுகிறது. அது காணியிலிருந்து வந்தாலும் கமக்காரர் போட்டதல்ல. குரோமியம் உயர்ந்தால் முதலில் கபுக்கல் மண்ணின் இயற்கை அளவைப் பாருங்கள்.

இடத் தெரிவு: வீதிப் பாலத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, காணி வடிகால் சேருமிடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, வடிகாலிலேயே ஒன்று. ஐந்து இடம், ஒரே மழை. ஐந்து மழைகளில் ஓர் இடம் என்பதைவிட இது அதிகம் சொல்லும்.

புதியவர்_72

வடமத்திய மாகாணச் சிறுநீரக நோய்க்கும் இதுதானே காரணம்? அதையும் எழுதுங்களேன்.

நடத்துநர்

அந்த நோயின் காரணம் இன்னும் முடிவாகவில்லை. காட்மியமும் ஆர்சனிக்கும் பேசப்பட்டவற்றுள் இரண்டு, நீரின் கடினத்தன்மையும் புளோரைட்டும் வெப்பமும் வேறு சில. அங்கே நிலத்தடி நீர், இங்கே மென்னீர் ஓடும் ஆறு. தனி இழை திறந்து கேளுங்கள். இந்த இழை ஓயாவோடு நிற்கட்டும்.

நீர்மட்டம்

மென்னீர் என்று சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். செம்புக்குக் குடிநீர் வழிகாட்டு அளவு லீட்டருக்கு 2 மில்லிகிராம். அதைப் பார்த்து ஓயாவுக்குப் பயமில்லை என்று எழுதியவர்கள் உண்டு. கல்சியம் குறைந்த களனி போன்ற நீரில் மீன்குஞ்சுகளுக்கும் நீர்த்தெள்ளுகளுக்கும் 10 மைக்ரோகிராமுக்குக் கீழேயே தொல்லை தொடங்கலாம். இருநூறு மடங்கு வித்தியாசம். எந்த உயிருக்காக அளக்கிறோம் என்று அறிக்கையின் முதல் வரியிலேயே எழுத வேண்டும்.

குடிநீர்ப் பக்கத்தில், சுத்திகரிப்பில் படிகாரம் துகளைத் திரட்டி அடியில் இறக்கும்போது துகளில் ஒட்டிய ஈயமும் செம்பும் கூடவே இறங்கும். கரைந்த காட்மியம் அவ்வளவு இலேசாக இறங்காது. ஆக அம்பத்தலைக்காகக் கவலைப்படுபவர் காட்மியத்தைப் பார்க்க வேண்டும், மீனுக்காகக் கவலைப்படுபவர் செம்பை. அடையல் சேரோடு எனக்கு இருந்த வழக்கு இதுதான்.

மண்கரண்டி

காணியில் செய்ய வேண்டியது.

கரைந்த காட்மியத்துக்குச் சுண்ணாம்பு. பீஎச் ஓர் அலகு உயர்ந்தால் மண் காட்மியத்தைப் பிடிக்கும் வலு ஏறத்தாழ மூன்று மடங்காகும். மரக்கறிக் காணியை 6.0–6.5-க்குக் கொண்டுவாருங்கள். மணற்பாங்கான மண்ணில் ஓர் அலகுக்கு எக்டேயருக்கு 2 தொன் டொலமைற்று, களி மண்ணில் அதன் இரட்டிப்பு வரை. சரியான அளவு மண் பரிசோதனையில்தான் தெரியும். நடுகைக்கு மூன்று கிழமை முன்னர் போட்டுக் கொத்திக் கலக்குங்கள். யூரியாவோடு ஒரே நாளில் போட்டால் நைதரசன் அமோனியாவாகப் பறக்கும். தேயிலை மண்ணை 5.5-க்கு மேலே ஏற்றக் கூடாது, செடி வாடும். 7-ஐத் தாண்டவிட்டால் மரக்கறிக்கு இரும்பும் நாகமும் கிடைக்காமல் இலை வெளிறும்.

எம்ஓபியும் (பொட்டாசியம் குளோரைட்டு உரம்) ஒரு காரணி. 200 கிலோவில் 95 கிலோ குளோரைட்டு. மண்நீரில் குளோரைட்டு லீட்டருக்கு 350 மில்லிகிராமை எட்டும்போது கரைந்திருக்கும் காட்மியத்தில் பாதியளவு குளோரைட்டைப் பற்றிக்கொண்டு நிற்கும். அந்த வடிவத்தை மண் பிடிப்பதில்லை. காட்மியம் உயர்ந்த பாத்தியில் பொட்டாசியத்தைச் சல்பேற்றாகக் கொடுங்கள், விலை கூடினாலும். அல்லது எம்ஓபியை மூன்று தவணையாகப் பிரியுங்கள்.

வயல்வரம்பு

மண்கரண்டி அண்ணை, ஆர்சனிக் இருக்கிற மண்ணுக்குச் சுண்ணாம்பு எதிரா வேலை செய்யும், அதையும் எழுதுங்கோ. பீஎச் ஏறினால் ஆர்சனிக் இளகும். பொசுபேற்று கூடப் போட்டாலும் அது இருந்த இடத்தைப் பொசுபேற்று பிடிச்சு ஆர்சனிக்கைத் தள்ளிவிடும்.

மண்கரண்டி

உண்மை. ஆர்சனிக்கையும் பார்த்துவிட்டே சுண்ணாம்பு. திருத்தத்துக்கு நன்றி.

கீரைப்பாத்தி

காணியின் கீழ் மூலையில் ஒரு படிவுக் குளம் வெட்டினால் துகள் முழுவதும் அதில் தங்கிவிடாதா? அதுதான் எல்லாரும் சொல்லும் பரிந்துரை.

அடையல்

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு எக்டேயர், மணிக்கு 50 மில்லிமீற்றர் மழை, ஓடுகுணகம் (மழையில் மேற்பரப்பில் ஓடும் பங்கு) 0.4. குளத்துக்கு வரும் ஓட்டம் விநாடிக்கு 0.056 கனமீற்றர். 20 மைக்ரோன் துகள் நீரில் விநாடிக்கு 0.36 மில்லிமீற்றர் வீதம் இறங்கும். ஓட்டத்தை இறங்கும் வேகத்தால் வகுத்தால் வேண்டிய பரப்பு: 155 சதுர மீற்றர். வெட்டலாம்.

இப்போது 2 மைக்ரோன் களி. அது பத்தில் ஒரு பங்கு விட்டம், ஆகவே நூறில் ஒரு பங்கு வேகம். வேண்டிய பரப்பு 15,500 சதுர மீற்றர், அதாவது ஒன்றரை எக்டேயர். காணியைவிடக் குளம் பெரிதாக வேண்டும். உலோகம் அதிகம் ஒட்டியிருப்பது அந்தக் களியில்தான். குளம் மணலையும் வண்டலையும் பிடித்துக்கொண்டு களியை ஓயாவுக்கு அனுப்பிவிடும், குளத்தைப் பார்த்தவருக்கு நிறைய மண் தங்கியது போலத் தெரியும். களி ஒரு தடவை நீரில் கலங்கிவிட்டால் பிடிக்க வழி குறைவு. கலங்காமல் வைப்பதுதான் வேலை: மழைத்துளி நேரே மண்ணில் விழாமல் மூடாக்கு, சமவுயரப் பாத்தி, இடைமழைக் காலமான மார்ச்–ஏப்ரல், ஒக்டோபர்–நவம்பரில் வெறும் மண்ணாக விடாமை.

மலைச்சாரல்

சறுக்கல்ல வெட்டிவேர் ரெண்டு வரி, நாத்துக்கு நாத்து 10–15 சென்ரிமீற்றர், சமவுயரக் கோட்டுல. ஒரு நாத்து செத்துப் போச்சுன்னா அந்த இடைவெளியில தண்ணி குவிஞ்சு பாய்ஞ்சு வரி முழுக்க வீணாகும். முதல் ரெண்டு மாசம் செத்த இடத்தை நிரப்பிக்கிட்டே இருக்கணும். 40 சென்ரிமீற்றர்ல வெட்டி, வெட்டினதை மூடாக்காப் போடுங்க. பக்கக் கான் 120-க்கு 1 சரிவு, உள்ள தடுப்பு வச்சு மண்ணைத் தங்கவிடுற கான். ஓயாக்கரையில 5–10 மீற்றர் புல் விடுறதும் நல்லது. ஆனா தண்ணி பரவி வந்தாத்தான் புல் பிடிக்கும். ஒரு ஓடையா வெட்டிக்கிட்டு வந்தா பத்து மீற்றரும் ஒரு நிமிசத்துல தாண்டிடும். மழை பெய்யும்போது கரையில நடந்து பாருங்க, எங்க வெட்டிக்கிட்டு வருதுன்னு கண்ணுக்கே தெரியும்.

கீரைப்பாத்தி

கடைசியில் உள்ள கங்குன் சதுப்பு உலோகத்தை உறிஞ்சி கங்கையைக் காப்பாற்றுகிறது என்று ஒரு கருத்து. அப்படியே விட்டுவிடலாமா?

நைத்திரிக்துளி

அந்தக் கங்குன் காலையில் கட்டுக் கட்டாகச் சந்தைக்குப் போகிறதே. வடிகட்டியை யாரும் சாப்பிடக் கூடாது. இலைக்கறிக்குச் சர்வதேச உணவுத் தரநிலையான கோடெக்ஸின் எல்லை, பச்சை எடையில் காட்மியம் 0.2, ஈயம் 0.3 மில்லிகிராம்/கிலோ. வீதி வடிகாலும் காணி வடிகாலும் சேரும் சதுப்பில் வெட்டும் கங்குன், முகுணுவென்ன, வல்லாரை மூன்றையும் முதலில் பரிசோதியுங்கள். கழுவிய மாதிரி ஒன்று, கழுவாத மாதிரி ஒன்று. கழுவியதும் ஈயம் பாதிக்கு மேல் குறைந்தால் இலையில் படிந்த தூசியும் சேறும்தான் காரணம், கழுவும் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். குறையாவிட்டால் வேரால் ஏறியது. அந்த இடத்தில் கீரையை நிறுத்தி, உண்ணாத செடி, பாய் பின்னும் பன் போன்றவை, நட வேண்டும்.

நீர்மட்டம்

இன்னும் ஒன்று. வறட்சியில் கடல்நீர் களனியின் கீழ்ப்பகுதிக்குள் ஏறும்போது அதன் குளோரைட்டு படிவிலிருந்து காட்மியத்தை இளக்கும். சதுப்பு அந்த எல்லைக்குள் இருந்தால் வறட்சி மாதிரியும் வேண்டும், மின்கடத்துதிறனைச் சேர்த்து எழுதுங்கள்.

கீரைப்பாத்தி

குறித்துக்கொண்டேன். ஐந்து இடம், ஏறுமட்டப் போத்தல் மூன்று வீதம், யுரேனியமும் அந்திமனியும் சேர்த்து. ஒக்டோபர் இடிமழைக்கு முன்னர் கட்டிவிடலாம். ஒரே ஒரு சந்தேகம்: வருடாவருடம் வடிகாலிலிருந்து அள்ளும் சேற்றை எங்கே போடுவது? இப்போது வடிகால் கரையிலேயே குவிக்கிறார்கள்.

மண்கரண்டி

கரையில் குவித்தால் முதல் மழையிலேயே திரும்ப உள்ளே போகும். காணியிலிருந்து வந்த சேறு என்றால் சரிவின் மேற்பக்கப் பாத்திக்கு ஏற்றி, சுண்ணாம்பு தூவி, அன்றே மூடாக்குப் போடுங்கள். காணியை விட்டுப் போன மண்ணில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், அதில் பசளையும் இருக்கிறது. வீதி வடிகால் கலக்கும் இடத்துக்குக் கீழே அள்ளியது என்றால் பாத்திக்கு ஏற்ற வேண்டாம். பரிசோதனை முடிவு வரும்வரை ஓயாவிலிருந்து 10 மீற்றராவது தள்ளி, பொலித்தீன் விரித்து, மேலும் மூடி வையுங்கள். இரண்டு சேற்றையும் ஒரே குவியலில் கலக்க விடாதீர்கள். அள்ளும் ஆட்களிடம் வேலை தொடங்குமுன்னரே கலப்பிடத்தில் ஒரு தடி நட்டுக் காட்டிவிடுங்கள்.